தாதுக்கல்லின் மாப்பிள்ளை முறுக்கு

அலுமினிய ஆலை வாசலில் ஒரு நசுங்கிய சோடா டப்பா இருப்புக்கொள்ளாமல் உருண்டுகொண்டிருந்தது. இன்றைக்கு அது உலைக்குள் போய்ப் புதிதாகப் பிறக்கப்போகிறது.

பக்கத்தில், சுரங்கத்திலிருந்து வந்திறங்கிய தாதுக்கல் மாப்பிள்ளை முறுக்கோடு உட்கார்ந்திருந்தது. "என்னை அலுமினியமாக்கணும்னா ஊர் விளக்கெல்லாம் மங்கும். அவ்வளவு கரண்ட் வேணும். உனக்கு?"

"நான் ஏற்கெனவே அலுமினியம்தானே? கொஞ்சம் சூடு காட்டினா உருகிடுவேன்."

"அவ்வளவுதான் உனக்கு மரியாதை" என்று கல் சிரித்தது. டப்பாவின் முகம் சுண்டிவிட்டது.

அதற்குள் உலை குரல் கொடுத்தது. "மாப்பிள்ளைக்கு இன்னும் கரண்ட் கிடைக்கல. டப்பா, நீ வா."

டப்பா ஒரே தாவலில் உலைக்குள் பாய்ந்தது.

அடுத்த வருஷம் அதே வாசலுக்கு மூடி தொலைந்த டிபன் பாக்ஸ் ஒன்று குதித்து வந்தது. "என்ன மாப்பிள்ளை, அடையாளம் தெரியலையா? நான்தான் அந்த டப்பா! ஒரு வருஷம் தயிர்சாதம் சுமந்தேன். மறுபடி உருகப்போறேன். நீங்க இன்னும் இங்கேதானா?"

கல் கனைத்துக்கொண்டது. "உன்னை உருக்கினப்போ ஊர்ல விளக்கு மங்குச்சா?"

"ஒண்ணுகூட மங்கல."

"பாவம்" என்றது கல். "உன்னை யாருமே கண்டுக்கலையே."

பதில் சொல்ல அங்கே யாரும் இல்லை. டிபன் பாக்ஸை உலை கூப்பிட்டுவிட்டது.