பழகின வழி

“இந்த ஊர்ல பார்க்க என்ன இருக்கு? தினமும் இந்த வழியாத்தானே போயிட்டு வந்தேன்? ஒரு மண்ணும் கிடையாது!”

சொல்லிக்கொண்டே கணவர் செருப்பை மாட்டினார். பணி ஓய்வு பெற்ற மறுநாள் காலை. சாயங்காலம் வீட்டை வாங்குகிறவர் பேசி முடிக்க வருகிறார். இவர் தலையாட்டிவிட்டால் போதும். அடுத்த மாதம் முதல் மகனோடு வேறு ஊரில் குடித்தனம்.

மனைவிக்கு ஊரை விட்டுப் போக மனசே இல்லை. அழுது பார்த்தாள். சமையலில் உப்பைக் கூட்டிப் பார்த்தாள். அதையும் சாப்பிட்டுவிட்டு “இன்னிக்குப் பிரமாதம்” என்ற மனிதரை என்ன செய்வது? கடைசியாக ஒன்றே ஒன்று கேட்டாள்.

“நம்ம ஊரை ஒரு தடவை என்னோட நடந்து பாருங்க. அப்பவும் ஒண்ணுமில்லைன்னா, நானே பெட்டி கட்டறேன்.”

“இதுல பார்க்க என்ன? மணிக்கூண்டு, அடுத்து சிங்கவாசல், அப்புறம் பழைய சந்தை. தூக்கத்துல கேட்டாலும் சொல்வேன்.”

சொன்னவர், மணிக்கூண்டின் கீழே வந்ததும் அப்படியே நின்றுவிட்டார்.

“ஏம்மா, இங்க நிஜமாவே மணிக்கூண்டு இருக்கா?”

“பின்னே? மணிக்கூண்டுன்னு பேரை வெச்சுட்டு மாட்டுக்கொட்டகையா கட்டுவாங்க?”

அவர் அண்ணாந்து பார்த்தார். செங்கல்லும் வெள்ளைக்கல்லும் மாறி மாறி, பின்னல் போட்டது போல் மேலே மேலே போய்க்கொண்டே இருந்தது. உச்சியில் வெயில் பட்டுக் கண் கூசியது.

“நாலு பக்கமும் நாலு நேரம் காட்டுதே!”

“உங்களுக்குப் பிடிச்ச நேரத்தைப் பார்த்துக்கோங்க.”

அங்கிருந்து பார்த்தாலே சிங்கவாசல் நேராகத் தெரிந்தது. இவரோ விறுவிறுவென்று இடது பக்கச் சந்துக்குள் நுழைந்தார்.

“ஏங்க, அது நேரா இருக்கு. நீங்க எங்க போறீங்க?”

“இந்த இடத்துல ஒரு வளைவு வரும். பேசாம வா.”

வளைவு வரவில்லை. சுவர்தான் வந்தது. முட்டுச்சந்து.

“வரணுமே...” என்று தலையைச் சொறிந்தார்.

“இவ்வளவு வருஷம் போயிட்டு வந்த லட்சணம்!” என்று சிரித்தாள் அவள்.

ஆனால் அவர் கண் மேலே போயிருந்தது. தலைக்கு மேலே இரண்டு பக்கத்து மரப் பலகணிகளும் ஒன்றையொன்று தொடுகிற மாதிரி சாய்ந்திருந்தன. ஒரு பெண் தன் வீட்டில் நின்றபடியே எதிர்வீட்டுக்காரிக்குக் காப்பி டம்ளரை நீட்டினாள். நடுவில் ஒரு துண்டு வானம்.

“அடேயப்பா!” என்றார், கோயிலுக்குள் பேசுகிற குரலில்.

சிங்கவாசலில் கல் சிங்கத்தின் மூக்கைத் தடவினார். ஊரே தடவித் தடவி அது வழவழவென்று இருந்தது. “இத்தனை பேர் தொட்டிருக்காங்க. நான்தான் கடைசி ஆள்” என்றார். சிங்கத்தின் காலடியில் குட்டி இருப்பதைக் கண்டதும் குழந்தை மாதிரி அவள் கையைப் பிடித்து இழுத்துக் காட்டினார்.

பழைய சந்தையில் நடுவழியிலேயே நின்று சுற்றிச் சுற்றிப் பார்த்தார். கொடிபோல் வளைந்த இரும்புத் தூண்கள். மேலே கண்ணாடிக் கூரை. அதன் வழியாக வெயில் இறங்கி, காய்க்காரர்கள் மேலும் வாங்குகிறவர்கள் மேலும் பேதம் பார்க்காமல் கொட்டியது.

“இவ்வளவு வெளிச்சமா இங்க?” அவருக்குக் கண் கலங்கியிருந்தது.

அப்போது காலடியில் தரை லேசாக அதிர்ந்தது. அவர் ஒரு கணம் உற்றுக் கேட்டார்.

“லேட்டா வர்றான்” என்று முணுமுணுத்தார்.

மனைவி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

திரும்பும்போது மாடி பஸ்ஸில் மேல்தட்டின் முதல் இருக்கையைப் பாய்ந்து பிடித்தார். உட்கார்ந்ததும் போனை எடுத்தார்.

“சார், சாயங்காலம் வர வேண்டாம். வீட்டைக் கொடுக்கறதா இல்லை... கோவிச்சுக்காதீங்க, ஊரை நான் இன்னும் பார்த்து முடிக்கலை.”

போனை வைத்தவர், ஜன்னலுக்கு வெளியே பாதி உடம்பை நீட்டி ஒரு கோபுரத்தைப் பார்த்து வாயைப் பிளந்தார்.

“சார், தலையை உள்ளே எடுங்க!” என்று ஓடி வந்த கண்டக்டர், மனைவியிடம் சிரித்தார். “என்னம்மா, சார் ஊருக்குப் புதுசா?”

“புதுசுதான் தம்பி. இத்தனை வருஷமும் சுரங்க ரயில் டிரைவர். நேத்துதான் மேல வந்தார்.”