முள் காட்டிய பாதி

அந்தச் சின்ன விமானத்தில் பாதி டேங்க் பெட்ரோல் இருப்பதாக முள் காட்டியது. இறக்கைமேல் ஏறி, மூடியைத் திறந்து, குச்சி விட்டுப் பார்ப்பதுதான் முறை. அம்மாவை முதன்முதலாகப் பறக்க அழைத்துப்போகும் அவசரத்தில் விமானி ஷெரின் முள்ளை நம்பிவிட்டாள்.

வயல்களுக்கு மேலே எஞ்சின் இருமி நின்றது. திரும்பத் திரும்ப முடுக்கியும் உயிர் வரவில்லை. பக்கத்தில், இரைச்சலுக்குப் பயந்து கண்ணை மூடியிருந்த அம்மா கண் திறந்தாள்.

“இப்பத்தான்டி நிம்மதியா இருக்கு. இப்படியே ஓட்டு.”

“பெல்ட்டை இறுக்கிக்கம்மா” என்று மட்டும்தான் ஷெரினால் சொல்ல முடிந்தது.

மின்கம்பி இல்லாமல் ஒரே ஒரு வயல்தான் தெரிந்தது. அதில் நாற்று நட்டுக்கொண்டிருந்த பெண்கள், சத்தமில்லாமல் தாழ்ந்து வரும் விமானத்தைப் பார்த்து நிமிர்ந்து கைகாட்டினார்கள். ஒருவரும் நகரவில்லை. அம்மாவும் சிரித்துக்கொண்டே கைகாட்டினாள்.