முப்பதில் நின்ற முள்

அதிவேகத்துக்காக இன்னொரு அபராதச் சீட்டு வந்தால் என் லைசென்ஸ் போய்விடும். மெக்கானிக் வெர்னான் என் பழைய காரின் ஸ்பீடோமீட்டரைப் பிரித்தார்.

“பல்சக்கரம் தேஞ்சிருந்துச்சும்மா. மாத்தி, முள்ளையும் சரியா வெச்சுட்டேன்.”

“சரின்னு எப்படித் தெரியும்?”

“ஊர் எல்லையில வண்டியோட வேகத்தைக் காட்டுற பலகை இருக்குல்ல? அது முப்பதுன்னுச்சு, முள்ளை முப்பதுல வெச்சேன். காலேஜ் படிச்சுட்டா பலகையையும் நம்ப மாட்டியா?”

முப்பதைத் தாண்டாமல்தான் ஓட்டினேன். போலீஸ்காரர் நாற்பத்தைந்து என்று எழுதிக் கொடுத்தார். லைசென்ஸ் போயிற்று.

ஊராட்சி அலுவலகத்தில் போய்க் கத்தினேன். “உங்க பலகை பொய் சொல்லுது!”

“வாய்ப்பே இல்ல,” என்றாள் அங்கிருந்த பெண். “வருஷா வருஷம் சரிபார்க்கிறோம்.”

“எதை வெச்சு?”

“வெர்னான் ரிப்பேர் பண்ணின காரை முப்பதுல ஓட்டி, பலகையிலயும் முப்பது வர்ற மாதிரி திருத்திடுவோம்.”