மைனா தேடிய சாஃப்ட்வேர்

முட்டை பொரிவதற்குள் சொந்தமாக ஒரு தாலாட்டு போட்டுவிட வேண்டும் என்று மைனாவுக்கு ஆசை. மெட்டு முதல் நாளே வந்துவிட்டது. தவளைக்குப் பாடியும் காட்டியது. ஆனால் அதை எந்த மியூசிக் சாஃப்ட்வேரில் போடுவது? அடைகாத்தபடியே ஒவ்வொன்றாக லேப்டாப்பில் ஏற்றி, அதனுடன் வரும் மாதிரிப் பாட்டைத் திரும்பத் திரும்பக் கேட்டது. ஒன்றில் வயலின் சரியில்லை, இன்னொன்றில் தபேலாவே இல்லை.

"இருக்கறதுல போடுக்கா, போதும்," என்றது தவளை.

"சும்மா இரு. தப்பானதை எடுத்துட்டா?"

பன்னிரண்டாவது சாஃப்ட்வேர் ஏறிக்கொண்டிருந்தபோது குஞ்சு பொரிந்து அழுதது. மைனா வாயைத் திறந்தால் மாதிரிப் பாட்டுதான் வந்தது. குஞ்சு இன்னும் வீறிட்டது. தவளை அந்த முதல் நாள் மெட்டைக் கரகரத்த குரலில் பாட, குஞ்சு தூங்கிப்போனது.

மைனா அசந்துபோய்க் கேட்டது: "நல்லா இருக்கே! நீ எந்த சாஃப்ட்வேர்ல போட்டே?"