கொசுறு இரண்டு

முப்பத்திரண்டு.

அவள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி எண்ணினாள். முப்பத்திரண்டேதான். எல்லாம் உயிரோடு, நெல் தூரில் ஒட்டிக்கொண்டு சாறு குடித்துக்கொண்டிருந்தன.

மாமியார் வீட்டு விருந்துதான்.

ஐந்து நாளுக்கு முன் இந்தக் கூண்டில் அவள் விட்டது முப்பது புகையான் குஞ்சுகள். வயலையே கருக்கிவிடுகிற பூச்சி. ஒவ்வொன்றுக்கும் அவளே ஊசி போட்டாள். உடம்புச் சர்க்கரையை உடைக்க அதற்கு ஒரு நொதி உண்டு. உடைத்த சர்க்கரையில்தான் புதுத் தோல் செய்துகொள்கிறது. அந்த நொதிக்கான மரபணுவை ஊசி ஊமையாக்கிவிடும். பிறகு சட்டை உரிக்க முடியாது. செத்தாக வேண்டும்.

ஒப்பிட்டுப் பார்க்க, பக்கத்துக் கூண்டு முப்பதுக்கும் வெறும் தண்ணீர் ஊசி.

நாளைக் காலை ஆய்வுக் குழு கூடுகிறது. பலன் இல்லையென்றால் இந்த மரபணுவை மூட்டை கட்டச் சொல்லிவிடுவார்கள். அவளுடைய மூன்று வருடமும் அதே மூட்டையில்.

அழுகை வந்திருக்க வேண்டும். வரவில்லை. எண்ணிக்கை உறுத்தியது.

முப்பது பத்தாகலாம். ஒன்றுமே இல்லாமலும் போகலாம். குஞ்சு, குஞ்சு பொரிக்காது.

கண்ணாடி வீட்டின் கடைசியில் பவுனம்மாள் தொட்டிகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். நெல் ஆராய்ச்சி நிலையத்துக்குப் பூச்சி வளர்த்துக் கொடுப்பவள். பூச்சி செத்தால் திட்டு வாங்குபவளும் அவள்தான்.

“பவுனக்கா, இந்தக் கூண்டைத் தொட்டீங்களா?”

பவுனம்மாள் குவளையைக் கீழே வைத்தாள்.

“கோவிச்சுக்காத பாப்பா. நேத்து பாத்தா இருபத்தாறு செத்துக் கெடக்கு. முதுகு வெடிச்சு, சட்டைய பாதி உரிச்ச மேனிக்கு. பக்கத்துக் கூண்டுல ஒண்ணுகூட சாகல. ஒனக்குத் திட்டு விழுமேன்னு வளக்குற கூண்டுலேருந்து புடிச்சு வுட்டேன். கொசுறா ரெண்டு சேத்து.”

அவளுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. பவுனம்மாளைக் கட்டிக்கொண்டாள்.

“செத்ததெல்லாம் எங்கக்கா?”

“அதையெல்லாமா வெச்சிருப்பாங்க? கழுவி வுட்டுட்டேன்.”

போகட்டும். மறுபடி முப்பதுக்கு ஊசி போட்டால் மறுபடியும் சாகும். அதில் அவளுக்கு எள்ளளவும் சந்தேகமில்லை. குழு ஐந்து நாள் தர வேண்டும், அவ்வளவுதான். கையில் சாட்சி என்று இருப்பது பவுனம்மாள் ஒருத்தி.

“நாளைக்குக் கமிட்டிக்கு என்கூட வாங்க. இப்ப சொன்னதை அப்படியே அங்க சொல்லணும்.”

பவுனம்மாளின் முகம் சுண்டிப்போயிற்று.

“இருவது வருசத்துல என் கையில இவ்வளவு செத்ததே இல்ல பாப்பா. அதப் போயி சபையில சொல்லச் சொல்றியே!”

“அதைத்தான்க்கா,” என்றாள் அவள். “அதையே மொதல்ல சொல்லுங்க.”