மாசி வீதி வாசலில் வளைகாப்பு

"பகல் பார்வையாளர். கட்டணம் செலுத்தவும்," என்றது, சுற்றுலாப் பயணிகளிடம் நுழைவுக் கட்டணம் வாங்க மாசி வீதி முகப்பில் வைத்திருந்த தானியங்கிக் கதவு.

ஏழு மாத வயிற்றோடு நின்ற மகள் ரோகிணியை வளைகாப்புக்கு அழைத்துவந்த மங்களேஸ்வரிக்குச் சுள்ளென்று ஏறியது. "இந்தத் தெருவுல பொறந்த புள்ளய்யா இவ!"

"வெளிய கட்டிக்குடுத்துட்டீங்கல்லம்மா? இப்ப அவங்க வெளியாளு," என்றார் காவலர்.

"அப்படியா?" கதவுக்குக் குறுக்கே ஜமுக்காளத்தை விரித்து மகளை உட்காரவைத்தாள். "எல்லாரும் இங்கனயே வாங்கடி!"

தெருப் பெண்கள் சந்தனமும் வளையலுமாக ஓடிவந்தார்கள். குலவை கிளம்பியது. உள்ளே போக வழியில்லாத சுற்றுலாக் கூட்டம் கைபேசிகளைத் தூக்கிப் படமெடுத்தது.

மங்களேஸ்வரி காலித் தாம்பாளத்தைக் காவலரிடம் நீட்டினாள்.

"போய் வசூல் பண்ணிட்டு வாங்க தம்பி. எங்க வீட்டு விசேஷத்துக்கு அவுகதான் பார்வையாளர்."