கறுப்புப் படம்

“அந்த நாடாவை விட்டுடுங்க ஸோயா அர்க்காதியெவ்னா. அதுல உங்க வீட்டுக்காரரோட தப்பைத் தவிர வேற ஒண்ணும் கிடையாது” என்றார் வதீம் லவோவிச்.

“கறுப்பா இருந்தாலும் வெள்ளிக் கிரகத்துலேருந்து வந்த படம்தானே? ஒண்ணு விடாம கம்ப்யூட்டர்ல ஏத்தணும்னு உத்தரவு போட்டதே நீங்கதான்!”

மாஸ்கோவின் அந்த நிலவறையில் பழைய காந்த நாடாக்கள் உதிரத் தொடங்கியிருந்தன. நாடே உதிர்ந்துபோன பிறகு நாடாவைப் பற்றி யாருக்குக் கவலை? இந்த இரண்டு பேருக்குத்தான்.

வெள்ளியில் இறங்கிய விண்கலத்தின் கேமரா மூடியைச் செய்தவர் ஸோயாவின் கணவர் க்ளெப். படம் முழுக்கக் கறுப்பாக வந்ததும், மூடி திறக்கவில்லை என்று விசாரணைக் குழு ஒரே நாளில் கதையை முடித்தது. கூட்டத்தில் அதிகமாகக் கத்தியவர் வதீம்தான். வேலை போன க்ளெப், குடித்துக் குடித்தே செத்தார்.

ஸோயாவை வதீம் முதன்முதலில் பார்த்ததே அதற்கப்புறம்தான். நாடா ஓட்டத் தெரியும் என்றாள். பாவம் பார்த்து வேலை கொடுத்தார், வேறெதுவும் கேட்கவில்லை.

நாடா சுழன்றது. நடுவில் ஒட்டுப்போட்ட இடம் வருவதற்கு முன்பே அவள் கை வேகத்தைக் குறைத்துவிட்டது.

திரையில் எண்கள் வந்தன. வெறும் சுழியாக இருக்க வேண்டிய இடத்தில் சின்னச் சின்ன எண்கள். வதீம் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, திரையில் படத்தின் வெளிச்சத்தைக் கூட்டினார்.

ஒரு கல் தெரிந்தது. பக்கத்தில் இன்னொரு கல், தட்டையான பாறைகள். அவற்றுக்கு நடுவே, கழன்று விழுந்து கிடந்தது கேமரா மூடி.

“திறந்திருக்கு! மூடி ஒழுங்காத் திறந்திருக்கு!” வதீமின் குரல் உடைந்தது. “படம் போடற மெஷின்ல வெளிச்சத் திருகை யாரோ தப்பா வெச்சிருக்காங்க. மங்கலா வந்த படம் மொத்தமும் கறுப்பாயிடுச்சு. ஐயோ, அந்த மனுஷனை அநியாயமாக் கொன்னுட்டோமே!”

ஸோயா நாடாவை நிறுத்தினாள். அவள் முகம் வெளுத்துப்போயிருந்தது.

“நாடாவை இன்னொரு தடவை ஓட்டுங்கன்னு தினம் வந்து கெஞ்சினார். நாங்க காதுலயே வாங்கல. கிரிமியாவுல சிக்னல் வாங்கற நிலையத்துக்கு அவரே போய் அந்த மெஷினைப் பாத்துட்டு வந்தார். வந்தவர், எல்லாம் என் தப்புதான்னு கையெழுத்துப் போட்டுட்டார். ஏன்னு இன்னிவரைக்கும் எனக்குப் புரியல.”

ஸோயா வாயைப் பொத்திக்கொண்டாள். தோள்கள் குலுங்கின.

“அழாதீங்க. நாளைக்கே கல்லறைக்குப் போய் அவர்கிட்ட மன்னிப்புக் கேக்கறேன். செத்தவங்களுக்கு வைக்கற மாதிரி இரட்டைப்படை எண்ணிக்கையில நல்ல பூவா வாங்கிட்டுப் போறேன். அப்புறம், அந்தத் திருகை வெச்ச நாய் எவன்னு கண்டுபிடிச்சு, பேப்பர்ல பேரைப் போட்டு நாறடிக்கல, என் பேரு வதீம் இல்ல!”

ஸோயா நிமிர்ந்தாள்.

“அலைய வேண்டாம் வதீம் லவோவிச். அன்னைக்கு கிரிமியாவுல அந்த மெஷின் முன்னால உக்காந்திருந்தது நான்தான்.”